முழங்காலைத் தின்ற ‘யெஸ்’

போன செவ்வாய்க்கிழமை, பரமட்டாவில் ஓர் எலும்பு டொக்டரின் கிளினிக்கில், எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

“உங்கள் கணவரின் இன்சூரன்ஸ் முழங்கால் ஒப்பரேஷனுக்குச் செல்லாது” என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண். கனிவாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சல்!

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கணவரைத் தெரியும். பாண் சுடும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. அந்தக் காலுக்காக — அந்த ஒரு காலுக்காக மட்டும் — தனியார் ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தோம். ஏற்கெனவே உள்ள நோய், வருத்தமென்றால் பன்னிரண்டு மாதம் பொறுக்க வேண்டுமாம். பொறுத்தோம். மேய்ஸ் ஹில் கோயிலில் எல்லோரும் வீதி சுற்றிவர, இவர் கதிரையில் இருந்தபடி கும்பிட்டார்.

இப்போது... செல்லாதாம்!

கம்பனிக்குப் போன் செய்தேன். “நடுவில் நாங்கள் போன் செய்தபோது, முழங்கால் வேண்டாமென்று உங்கள் கணவர்தான் சொன்னார். ரெக்கோர்டிங் இருக்கிறது” என்றார்கள். போடுங்கள் பார்ப்போம் என்றேன். போட்டார்கள்.

ஒரு பெண் ஆங்கிலத்தில் படபடவென்று பொரிகிறாள். இடையிடையே இவர் குரல்.

“விலை குறைந்த பிளானில் கண், இடுப்பு, முழங்கால் ஒப்பரேஷன் சேராது. சம்மதமா?”

“யெஸ், யெஸ்.”

“என்னப்பா இது?” என்றேன், பக்கத்தில் இருந்த இவரிடம்.

“அவள் கதைக்கேக்க நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு காட்ட வேணுமெல்லே? பேசாமல் இருந்தால் மரியாதையே?”

நம் ஆட்கள் ‘ஓம், ஓம்’ என்றால் அது சம்மதமா? ‘நீ சொல்லு, என் காது இங்கேதான் இருக்கிறது’ என்று அர்த்தம். அதையே ஆங்கிலத்தில் சொன்னால், எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் டிக் விழுந்துவிடுகிறது!

நல்ல பிளானுக்கு மாறலாமாம். ஆனால் முழங்காலுக்கு மறுபடியும் பன்னிரண்டு மாதம்... எனக்கு அழுகையே வந்துவிட்டது. படியேறும்போது அவர் சுவரைப் பிடிப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான்தானே.

“இனிமேல் போனில நான்தான் கதைப்பன். விளங்குதே?” என்றேன்.

“ஓம், ஓம்” என்றார், பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல்.

இருபத்தாறு வருடமாக இவரிடம் நான் வாங்கிய ‘ஓம்’கள் அத்தனைக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது.