வேண்டாம் என்னும் பெரிய பொத்தான்

மேரி இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது, ஆம்பூர் அலுவலகத்தில் நாங்கள் ஷூ கம்பெனித் தொழிலாளர்களுக்காகச் செய்த செயலியின் நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். காய்ச்சல் என்று லீவு போட்டவள், திங்கட்கிழமை வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். வேலூர் மருத்துவமனையிலிருந்து அவள் தம்பி பேசினான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சாகிற வயதா அது?

அவளுடன் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பசை டப்பா நினைவிருக்கும். அவள் அம்மாவுக்கு அந்த ஷூ கம்பெனியில் தோல் ஒட்டும் பிரிவில் வேலை. செயலியில் எதைப் புதிதாகச் செய்தாலும், மேரி விரலில் பசையைத் தடவிக்கொண்டுதான் தொட்டுப் பார்ப்பாள். நாற்றம் தாங்காமல் நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பேன். "அம்மா கை இப்டிதாண்ணா இருக்கும்" என்பாள்.

போன வருடம், செயலியைக் கட்ட நாங்கள் பயன்படுத்தும் பிரேம்வொர்க் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. பொத்தானே வேண்டாம், திரையில் அட்டைகள் வழுக்கிக்கொண்டு போகும். தொழிலாளர்களிடம் ஓவர்டைம் கேட்கும் பக்கத்தை ஆசை ஆசையாக அதற்கு மாற்றினேன். அட்டையைத் தள்ளினால் மறுப்பு, அழுத்திப் பிடித்தால் சம்மதம். எங்கள் முதலாளி கைதட்டினார். மேரி பசை விரலால் தள்ளினாள். விரல் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. செயலி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது.

"இன்னாண்ணா இது? வேணாம்னாலும் புடிச்சி உக்கார வச்சிடும் போல!"

"பாக்க நல்லா இருக்கேம்மா."

"ஜாஸ்தி நல்லாதான் இருக்குது. ஆனா வேணாம்னு சொல்றது ஈசியா இருக்கணும்ணா."

முதலாளியோடு மல்லுக்கு நின்று, 'சரி', 'வேண்டாம்' என்று திரையையே அடைக்கும் இரண்டு பொத்தான்களை வைத்தாள். அசிங்கமாக இருக்கிறது என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். சிரித்தாள்.

அடக்கத்தன்று ஷூ கம்பெனியில் ஏற்றுமதி அவசரம். செயலியில் எல்லோரிடமும் ஓவர்டைம் கேட்டிருந்தார்கள். மாலையில் கல்லறைத் தோட்டத்து வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஒட்டும் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். விரல்களில் பசை அப்படியே இருந்தது.

"எல்லாரும் வேணாம்னு அமுக்கிட்டு வந்துட்டோம் சார்" என்றார் ஓர் அம்மா. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டப்பா இப்போது என் மேசையில் இருக்கிறது. நேற்று பிரேம்வொர்க்கின் அடுத்த பதிப்பு வந்தது. மூடியைத் திறந்து விரலில் தடவிக்கொண்டேன். நாற்றம் குப்பென்று ஏறியது. ஜன்னலைத் திறக்கவில்லை.