போக வேண்டாம் என்று எழுதினேன்

மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிப்பதற்காக டில்லியிலிருந்து வந்த கமிஷன் ஊர் ஊராக மனு வாங்கிக்கொண்டிருந்த வருடம் அது. எங்கள் ஊர் பாறசாலையிலிருந்து காரோடு என்ற ஊருக்குப் போகும் வழியில் இருக்கிறது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். திருவிதாங்கூரில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமுமாக இருந்தது. தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்த எங்கள் பகுதி எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. தமிழ்ப் பக்கம்தான் போக வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருவன்.

வீடு வீடாகப் போய், ‘எங்கள் தாய்மொழி தமிழ்’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவது என் வேலை. சைக்கிளில் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பெரிய தலைவன் மாதிரி திரிந்தேன். எல்லா வீட்டிலும் சுலபமாக முடிந்தது. என் வீட்டில்தான் சிக்கல் வந்தது.

அப்பா பாறசாலை சந்தைப் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். தமிழ் வேதாகமத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பார். ஆனால் எழுதச் சொன்னால் மலையாள எழுத்துதான் வரும். அவர் சின்ன வயதில் நடந்து போகும் தூரத்தில் இருந்தது மலையாளப் பள்ளிக்கூடம்தான். எங்கள் பக்கத்தில் அது அதிசயமே இல்லை. வீட்டில் தமிழ் பேசுவோம், சந்தையில் கேட்பவர் எதைப் பேசுகிறாரோ அதைப் பேசுவோம். ஆனால் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்த எனக்கு அது பெரிய மானக்கேடாகப் பட்டது.

“அப்பா, இதில மலையாளத்தில ஒப்புப் போட்டா மனுவே கெட்டுப்போவும். பெருவிரல் வச்சிருங்க” என்றேன்.

அப்பா மெஷினை நிறுத்தினார். “எனக்கு எழுதத் தெரியுமே மக்கா” என்றார்.

நான் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் பெருவிரலை அழுத்தி எடுத்து, தாளில் வைத்தார். பிறகு ஒரு வெட்டுத்துணியில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

அதே மாதத்தில்தான் அப்பா என்னிடம் ஒரு உதவி கேட்டார். அவருடைய அப்பாவை, அதாவது என் பாட்டாவை, தேடித் தர வேண்டும் என்று.

பாட்டா மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறியபோது அப்பாவுக்கு ஐந்து வயது. சில வருடங்கள் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அதற்குள் பாட்டாவின் மனைவி, எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாறசாலைக்கு வடக்கே இருந்த பழைய ஊரை விட்டு, தன் அண்ணன் வீட்டுக்கு இந்த ஊருக்கு வந்துவிட்டார். பாட்டா மலேயாவில் வேறு குடும்பம் வைத்துவிட்டார் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். செத்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். எதையும் நம்பாமல் காத்திருந்தே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் வீட்டிலுள்ளவர்களின் பெயரும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் எழுதி வைப்போம். எங்கள் வேதாகமத்தில் பாட்டாவின் பெயருக்கு நேரே கடைசி இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பக்கத்துக்குள்ளேயே அவருடைய கடைசிக் கடிதமும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, நான் வாறேன் என்று எழுதியிருந்தார். பேச்சு எங்கள் வீட்டுத் தமிழ், எழுத்து மலையாளம். அப்பாவைப் போலத்தான் பாட்டாவும்.

அப்பாவுக்கு அந்த வருடம் நெஞ்சுவலி வந்திருந்தது. மெஷின் மிதிக்கக் கூடாது என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொல்லியிருந்தார்; அவர் கேட்கவில்லை.

“இருக்காரா இல்லியா எண்ணு தெரிஞ்சா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் போறதுக்கு முன்ன அந்த எடம் ஒழிஞ்சு கெடக்கப்பிடாது, அதாக்கும்” என்றார்.

சரி என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அப்பாவுக்காக மட்டும் நான் இறங்கவில்லை. மலேயாத் தோட்டங்களில் ஆட்களைப் பதியும்போது இன்ன மொழிக்காரர் என்றும் எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வெள்ளைக்காரன் பதிவேட்டில் பாறசாலைக்காரர் ஒருவர் ‘தமிழர்’ என்று இருந்தால், அதைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டலாமே என்று ஒரு ஆசை. அந்த ஆசைதான் எனக்கு முதலில் வந்தது.

மலேயாவில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸராக இருந்த ஒரு ஊர்க்காரர் விடுமுறையில் வந்திருந்தார். அவர் பேராக் பகுதியில் ஒரு சிற்றூரில் இருந்த, ஓய்வு பெற்ற தமிழ் உபதேசியார் ஒருவரின் விலாசத்தைத் தந்தார். முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு எழுதினேன். அவர் எங்களுக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சபைகளின் அடக்கப் பதிவேடுகளைப் புரட்டினார். இரண்டு தோட்டங்களில் செக்ரோல் என்ற பழைய ஆள்பதிவுப் புத்தகங்களைக் கெஞ்சி வாங்கிப் பார்த்தார். ஜப்பான்காரன் வந்தபோது பாதி எரிந்துபோய்விட்டது என்று எழுதினார். ஒரு வாசகசாலையில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் மரண அறிவிப்புகளை மட்டும் வாரக்கணக்கில் பார்த்தார். ஒவ்வொரு கடிதமும் கடல் தாண்டி வந்து சேர ஒரு மாதம் ஆகும். நான் கடையில் போய் வாசிப்பேன். அப்பா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்பார். ‘இன்னும் அகப்படவில்லை’ என்று முடிந்ததும் சக்கரத்தை விடுவார்.

நான்காவது கடிதத்தில் உபதேசியார் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வேறொரு ஊரில், மலையாளி சங்கத்தார் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறதாம். அங்கே உள்ளவர்கள் பட்டியலில் இதே பெயர், வயதும் ஏறத்தாழப் பொருந்துகிறது. திருவிதாங்கூர்க்காரர், மலையாளத்தில் கையெழுத்துப் போடுகிறவர் என்று குறித்திருக்கிறார்கள். மலேயாவில் அப்போது காட்டுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் சோதனை, ஊரடங்கு. போய்வர இரண்டு நாள் ஆகும். ‘உங்கள் பாட்டனாருக்கு மலையாளம் எழுதும் பழக்கம் உண்டா? உண்டு என்றால் எழுதுங்கள், நான் உடனே போய்ப் பார்க்கிறேன்’ என்று கேட்டிருந்தார்.

பள்ளிக்கூடத்து மேஜையில் உட்கார்ந்து அதை வாசித்தேன். எதிரே அன்று மாலை ஊர்வலத்துக்கு நான் எழுதி வைத்த தட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. வேதாகமத்துக்குள் இருந்த கடிதம் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. நன்றாக வந்தது. அதனால்தான் கோபம் வந்தது. நாங்கள் தமிழர்கள் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, என் சொந்தப் பாட்டா கடலுக்கு அந்தப்பக்கம் மலையாளிப் பட்டியலில் போய் உட்கார்ந்திருப்பதா? அது வேறு யாரோ என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வேறு யாரோவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

அன்றைக்கே பதில் எழுதினேன். ‘எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பம். அவர் எங்களவர் அல்லர். தாங்கள் வீணாகச் சிரமப்பட்டுப் போக வேண்டாம்.’ எழுத்து மாறாமல் இன்றைக்கும் நினைவிருக்கிறது. உபதேசியாரின் அந்தக் கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டவில்லை. ஒன்றும் அகப்படவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அப்பா சக்கரத்தை விட்டார்.

அதன் பிறகு எட்டு மாதம் கடிதம் இல்லை. உபதேசியாருக்கு அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் கூட்டம், மனு, போலீஸ் ஸ்டேஷன் என்று நேரம் போய்க்கொண்டிருந்தது. “எழுதினியா மக்கா?” என்று அப்பா நடுநடுவே கேட்பார். எழுதியிருக்கிறேன் என்பேன். அதுவும் பொய்தான்.

ஒரு நாள் மதியம் பள்ளிக்கூடத்துக்குத் தடித்த கவர் ஒன்று வந்தது. உள்ளே உபதேசியாரின் கடிதமும் இரண்டு பத்திரிகைத் துண்டுகளும் இருந்தன.

முதல் துண்டு அங்கத்திய ஆங்கிலப் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பு. அந்த முதியோர் இல்லத்தார் கொடுத்தது. இன்னார், திருவிதாங்கூர் பாறசாலையைச் சேர்ந்தவர், காலமானார், உறவினர் யாரும் தெரியவில்லை என்று நாலே வரி. ‘பாறசாலை’ என்று பார்த்ததும் மனம் கேட்காமல் உபதேசியார் அந்த ஊருக்கு ஓடியிருக்கிறார். அடக்கம் முடிந்திருந்தது. அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். பழைய ஊர் விலாசத்துக்கு எழுதி, ஆள் இல்லை என்று திரும்பி வந்த கடிதங்கள் அதில் இருந்தன. கூடவே மஞ்சளாகிப்போன இரண்டாவது துண்டும் இருந்தது.

அது யுத்தத்துக்கு முன்னால் அங்கே நடந்த ஒரு மலையாளப் பத்திரிகையில் பாட்டாவே கொடுத்த விளம்பரம். மனைவியின் பெயர், மகனின் பெயர், ஊர். நான் போடும் கடிதங்கள் திரும்பி வருகின்றன, நாட்டுக்குப் போகிறவர்கள் இவர்களைக் கண்டால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லவும் என்று இருந்தது. உபதேசியார் அதோடு விடவில்லை. அந்தப் பத்திரிகையின் பழைய கட்டுகளை மலையாளம் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு தேடிப் பார்த்திருக்கிறார். மூன்று மாதம் விடாமல் அந்த விளம்பரம் வந்திருந்ததாம்.

இல்லத்தில் இருந்தவர்கள் பாட்டாவை, மலையாளிகள் தமிழரைச் சொல்வது போல, ‘பாண்டிக்காரர்’ என்றுதான் கூப்பிட்டார்களாம். அவர் பேச்சு முழுக்கத் தமிழாக இருந்ததாம். கடைசியில் உபதேசியார் எழுதியிருந்தார்: ‘தாங்கள் வேண்டாம் என்று எழுதியதால் நான் போகவில்லை. ஆனாலும் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். என்னை மன்னிக்க வேண்டும்.’ தப்புச் செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டவர் அவர்.

மூன்று நாள் அந்தக் கவரைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு அப்பாவிடம் வாசித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நாலாம் நாள் கடைக்குப் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

“எட்டு மாசம் முன்னயே இவரு போய்ப் பாக்கட்டா எண்ணு கேட்டாருப்பா. நான்தான் வேண்டாம் எண்ணு எழுதினேன்.”

“எதுக்கு?” என்றார் அப்பா.

“மலையாளத்தில ஒப்புப் போடுத ஆளு எண்ணு போட்டிருந்துது.”

அப்பா கத்திரியை மேஜையில் வைத்தார். திட்டுவார், எழுந்து அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அப்பம் அண்ணைக்கு உயிரோட இருந்தாராக்கும்” என்றார். அவ்வளவுதான்.

பிறகு அந்த மலையாளத் துண்டைக் கையில் வாங்கினார். வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, மெல்லச் சத்தமாக வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். தன்னை விட்டுவிட்டுப் போன தகப்பன் என்று ஐம்பது வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்குத்தான் தன்னைத் தேடிய தகப்பனை வாசித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் அப்பா வேதாகமத்தின் முன்பக்கத்தைத் திறந்தார். வீட்டில் பிறப்பு இறப்பு எழுதுவது வாத்தியாரான என் வேலை. நான் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

“நீ எழுதண்டாம் மக்கா” என்றார்.

குரலில் கோபம் இல்லை. பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார். அன்று நான் பெருவிரல் வைக்கச் சொன்ன அதே கையால், ஒவ்வொரு எழுத்தாக, பாட்டா காலமான தேதியையும் ஊரையும் மலையாளத்தில் எழுதினார். மை காயும் வரைக்கும் பக்கத்தை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உபதேசியாருக்கு, தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதினேன். அவர் பதிலில் அப்பாவின் உடல்நிலையை விசாரித்திருந்தார், வேறொன்றும் கேட்கவில்லை. எல்லையும் வந்தது. தெற்கே உள்ள தாலுகாக்கள் அந்தப்பக்கம் போயின. எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. அந்த மனுக்கள் எந்த ஆபீஸ் மூலையில் செல்லரித்துப் போயினவோ தெரியாது. அதற்கு அடுத்த வருடம் அப்பா காலமானார். அவருடைய தேதியை எழுத வேண்டியவன் நான்தான். அவர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, அதற்குக் கீழே மலையாளத்திலேயே எழுதினேன்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. தமிழ்தான் எனக்குச் சோறு போட்டது. அதன் மேல் உள்ள பற்று கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் ஏதாவது படிவத்தைக் கொண்டுவந்து நிரப்பித் தரச் சொன்னால், ‘தாய்மொழி’ என்ற இடத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிடுகிறது. அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான், எழுதத் தெரிந்த என் தகப்பனைக் கைநாட்டு வைக்கச் சொன்னேன், நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த அவருடைய தகப்பனை யாருமில்லாதவராகச் சாக விட்டேன்.