தொண்ணூறு நொடி

ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ மக்கர் செய்தால் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைத் தேடிக் கூப்பிடுகிறோம் அல்லவா, அந்த எண்ணின் மறுமுனையில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருந்தாள் அவள். மூன்றாம் வரிசையில் இருந்த பதினோரு பெண்களுக்கும் அவள் பெரியக்கா. ஒரு நாளைக்கு எண்பது அழைப்புகள். அதில் பாதிப் பேர் திட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். திட்டு காதில் விழும்போது அவள் கை புகார்ப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். உள்ளே இறங்குவதில்லை என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுக்கு ஆகாத நேரம் இரவு எட்டு மணி. ஸ்கூல் வேன் ஓட்டும் கணவரும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் காமெடி சீரியலுக்கு முன்னால் சாய்ந்துவிடுவார்கள். அவள் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்று சீரியலைக் குறை சொல்வாள்.

"ஹால்ல பஸ்ஸையே திருப்பலாம் போலிருக்கு. இந்த வீட்டுல யாராவது ஒருநாள் பாத்திரம் தேய்ச்சுப் பாத்திருக்கியா?"

"சிரிக்கத்தானே போடறான். நீ என்ன, வீடு வாடகைக்குப் பாக்கவா வந்திருக்க?" என்பார் கணவர்.

"ஆபீஸ் சீன் வந்தா இன்னும் மோசம். அஞ்சு பேரும் எழுந்து போய் டீ குடிச்சுட்டு நிக்கறாங்க. அந்த நேரம் போனை யாரு எடுக்கறா?"

"அம்மா, சீரியல விட நீ பேசறதுதான் காமெடி. கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது" என்பாள் மகள்.

ஒரு விடுமுறை நாளில் இதையெல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதி டிவிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டாள். கோபத்தில் எழுதிய கடிதம். பதில் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து போன் வந்தது. புகார் கேட்கும் அலுவலகம் ஒன்றை வைத்துப் புதுத் தொடர் எடுக்கப் போகிறார்களாம். நிஜமாக இருக்க வேண்டுமாம். வந்து பேச முடியுமா என்று கேட்டார்கள்.

நாலு சனிக்கிழமை போனாள். கண்ணாடிச் சுவர் போட்ட அறை, நீள மேஜை, பிஸ்கட் தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர். ஒருவருக்கும் முப்பது வயது ஆகியிருக்காது. அவர்களில் மூத்தவன், கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், "சொல்லுங்கக்கா, நாங்க கேக்கறோம்" என்றான். பதினான்கு வருஷமாக ஊராருக்குக் காது கொடுத்தவளிடம் அப்படி ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் பேசினாள். தனக்கு இவ்வளவு பேச வரும் என்பதே அவளுக்கு அங்கேதான் தெரிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். சிரிப்பு வரும் இடத்தில் ஆறு பேனாவும் ஓடும். வராத இடத்தில் நின்றுவிடும். பக்கத்து வரிசைப் பெண்ணுக்குத் தொண்டையில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை முடிந்து குரலே இல்லாமல் வீட்டுக்குப் போனதைச் சொன்னபோது யாரும் எழுதவில்லை. ஒருத்தி பிஸ்கட்டை எடுத்து சத்தம் வராமல் கடித்தாள். அந்த அமைதி பெரியக்காவுக்குத் தாங்கவில்லை. விருந்தாளியை வெறும் கையோடு உட்கார வைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவசரமாக, சிரிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று மனசைத் துழாவினாள். கைக்கு அகப்பட்டது 'ஸ்பேர்'.

வரிசைக்கே தெரிந்த ரகசியம் அது. உதிரி பாகம் கிடங்கில் இருக்கிறதா என்பது திரையில் மூன்றே நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அதைத் தேட ஒரு அழைப்புக்குத் தொண்ணூறு நொடி வரை ஆளைக் காக்க வைக்கலாம் என்று ஏதோ பழைய விதி. ஆகவே, "ஸ்பேர் இருக்கான்னு பாக்கறேன், லைன்லயே இருங்க" என்று சொன்னால், எதிர்முனையில் பாட்டு ஓடும், இந்த முனையில் ஒருத்தி கொஞ்சம் மனுஷியாக இருப்பாள். தண்ணீர் குடிப்பாள். கழுத்தைச் சொடுக்குவாள். சிலசமயம் அழுதுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்புவாள்.

ஆறு பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். "இன்னும், இன்னும்" என்றான் ஒல்லிப் பையன்.

அந்தச் சிரிப்பில்தான் பக்கத்து சீட்டுக்காரியின் கதையும் வெளியே வந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். புருஷன் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். பள்ளிவிட்டு வந்து, அம்மா வரும் ஏழு மணி வரை, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிள்ளை தனியே இருக்கும். மூன்று நாற்பதுக்கு ஒரு ஸ்பேர் அழைப்பு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வந்த அழைப்பை இவளே ஸ்பேர் அழைப்பாக்கிவிடுவாள். டிஷ்யூ பெட்டிக்குள் ஒளித்து வைத்த போனை எடுத்து வீட்டுக்கு அடிப்பாள். பிள்ளை பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். குரல் சரளமாக வந்தால் சாப்பிட்டிருக்கிறது, பயமில்லை என்று அர்த்தம். தடுக்கினால் ஏதோ சரியில்லை. வாய்ப்பாடு முடிய எண்பது நொடி. மீதிப் பத்தில் போனை ஒளித்து, "காத்திருந்ததுக்கு நன்றிங்க, ஸ்பேர் இருக்கு."

இதைச் சொல்லி முடித்தபோது பெரியக்காவும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

தொடர் வந்தது. முதல் வாரமே பிய்த்துக்கொண்டு ஓடியது. நாற்காலியின் கிழிந்த கைப்பிடி முதல் ஹெட்செட் பதிந்த தலைமுடி வரை அப்படியே இருந்தது. மூன்றாவது பாகத்தில் நடிகை டிஷ்யூ பெட்டிக்குள் கையை விட்டாள். குழந்தை வாய்ப்பாடு சொன்னது. நடிகை தப்பான பட்டனை அழுத்திவிட, குழந்தை தடுக்கிய இடத்தில் வாடிக்கையாளரே, "தொண்ணூத்தாறு பாப்பா" என்று எடுத்துக்கொடுத்தார். சிரிப்பொலி வெடித்தது. அடுத்த காட்சியில், வெயில் இறங்குவதற்குள் நடிகை வீடு வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நிஜமாவே உங்க ஆபீஸ் மாதிரியேதான் இருக்கா?" என்று மகள் வாய் பிளந்தாள்.

"இப்ப என்ன குறை சொல்லுவ?" என்றார் கணவர், பெருமையாக.

அவள் திரையில் அந்த மாலை வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அழைப்புகளின் தொனி மாறியது. ஸ்பேர் என்று வாயெடுத்தாலே, "போங்க போங்க, வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வாங்க" என்றார் ஒருவர். "வாய்ப்பாடு ஒப்பிக்கட்டுமாம்மா?" என்றார் இன்னொருவர். வரிசையே முதலில் சிரித்தது. பிறகு யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பெரியக்கா திரையைப் பார்த்தாள்.

பத்தாம் நாள் மேற்பார்வையாளர் வந்து நின்றார். கெட்டவர் இல்லை. பேச வேண்டியதைத் தரையைப் பார்த்துப் பேசுகிறவர்.

"நானும் பாத்தேம்மா, விழுந்து விழுந்து சிரிச்சேன். என்ன பண்றது, மேல இருக்கறவங்களும் பாத்துட்டாங்க. இனிமே பத்து நொடிதான். தாண்டினா என் ரூம்ல மணி அடிக்கும். மேஜைல ஒரு பெட்டியும் வைக்காதீங்க."

அன்று மூன்று நாற்பதுக்குப் பக்கத்து சீட்டுக்காரி ஒரு ஃப்ரிட்ஜ் புகாரில் இருந்தாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. இடது கை மட்டும் பெட்டி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

அதற்கு நான்காம் நாள், போன் வராததால் பிள்ளை தாழ்ப்பாளைத் திறந்து அம்மாவைத் தேடிப் புறப்பட்டுவிட்டது. பெரிய சாலை வரை போய், கடக்கத் தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறது. மாடிவீட்டுக்காரர் பார்த்துக் கூட்டி வந்தார். ஒன்றும் ஆகிவிடவில்லை. ஏழு மணிக்கு வீடு போகும் வரை அம்மாவுக்கு அது தெரியவும் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு அறையில் அவள் இதைச் சொன்னபோது மேஜையில் அவளும் பெரியக்காவும்தான் இருந்தார்கள். சோற்றைத் தொடாமல் டப்பாவை மூடிவிட்டு, "விடியக்காலை ஷிப்ட் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. நாலு மணிலேர்ந்து பன்னண்டு" என்றாள்.

"நாலு மணிக்கா? அப்ப பாப்பா?"

"தூங்கிட்டிருப்பா. தூங்கறப்ப பயம் தெரியாதுல்ல. அலாரம் வச்சிருக்கேன், எழுந்து தானே கிளம்பிடுவா. சாயங்காலம் நான் இருப்பேன்."

பெரியக்காவும் டப்பாவை மூடினாள். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த வார்த்தைகளை விட்டுவிட்டு நேராகவே சொன்னாள்.

"நான்தாம்மா சொன்னேன். அந்த சீரியல்காரங்ககிட்ட."

"தெரியும்க்கா."

"எப்படி?"

"ஸ்பேர் எல்லாருக்கும் தெரியும். வாய்ப்பாடு உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரல். "எம் பொண்ணும் பாத்தா. அம்மா, அது நாமதானேன்னு கேட்டா. ஆமான்னேன். நம்ம வீட்டுல நீ ஏன் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டேங்கறன்னு கேட்டா."

"கெட்டதுன்னு நினைக்கலம்மா. எல்லாம் பொய்யாவே காட்டறாங்களேன்னு..."

"நல்லாத்தான் இருந்தது. எல்லாம் அப்படியே இருந்தது."

பெரியக்கா அவள் கையைப் பிடித்தாள். "இங்க பாரு, ஷிப்ட் மாத்தாத. எம் பொண்ணு மூணு மணிக்கெல்லாம் ஸ்கூல் விட்டு வந்துடறா. நேரா உன் வீட்டுக்குப் போகச் சொல்றேன். நீ வர வரைக்கும் கூடவே இருந்து படிக்கட்டும். பாப்பாவுக்கும் துணை. தினமும்."

அவள் உண்மையிலேயே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது. பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா அவ எங்க வீட்டுல பாக்கறத உங்ககிட்ட வந்து சொல்லுவா."

டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இடைவேளை முடிய ஆறு நிமிஷம் இருந்தது. வழக்கமாக இருவரும் கடைசி நிமிஷம் வரை உட்கார்ந்திருப்பார்கள். அன்று அவள் முன்னாலேயே போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த திங்களிலிருந்து பக்கத்து நாற்காலியில் காலையில் அவளும் மதியம் புதுப் பெண் ஒருத்தியுமாக உட்கார்ந்தார்கள். பெரியக்கா எட்டு மணிக்கு வரும்போது அவள் ஏதோ ஒரு அழைப்பில் இருப்பாள். பன்னிரண்டுக்கு அவள் எழும்போது பெரியக்கா ஓர் அழைப்பில் இருப்பாள். நடுவில் நாலு மணி நேரம் இருவரும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, முகம் தெரியாத ஆட்களோடு இதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.