மேசை இடம்மாறிய கூட்டம்

தொண்ணூறுகளின் பிற்பாதியில், கிளியூரை அடுத்த எங்கள் ஊராட்சியின் கிராம சபை நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கூடம் புதியது, காற்றோட்டம் மிக்கது. ஆயினும் அதனுள் ஒரு நாளேனும் என்னால் அமைதியாக அமர இயன்றதில்லை. கூடத்திற்கு ஒரே வாயில். தலைவரின் மேசை அவ்வாயிலை ஒட்டியே கிடந்தது. காலந்தாழ்த்தி வருபவர், தலைவரையும் முன்வரிசையில் வீற்றிருந்த தோட்ட உரிமையாளரையும் கடந்து, அத்தனை பேர் பார்வையிலும் நடந்தாக வேண்டும். எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடைபோட்டு முடித்து வரும் பெண்கள் எந்நாளும் காலந்தாழ்த்தியே வந்தனர். ஆகவே அவர்கள் உள்ளே வருவதில்லை. சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு, சன்னலுக்கு வெளியே சாரலில் நின்றனர். உள்ளே தீர்மானங்கள் நிறைவேறிக்கொண்டிருந்தன.

ஒரு கூட்டத்தில் எடுத்த பொருள், ஊராட்சிக்குக் கிடைத்த ஒற்றைக் குடிநீர்க் குழாயை எங்கே நிறுவுவது என்பது. பஸ் நிறுத்தத்தில் என்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது.

"ஏனுங்க, எங்க எஸ்டேட் லைன் ஊடுங்களுக்குக் கொழா வேணுமுங்க," என்றாள் சன்னல் கம்பியைப் பற்றி நின்ற ஒருத்தி.

"உள்ள வந்து பேசும்மா," என்றார் தலைவர்.

"இந்தச் சேத்துக்காலோட உங்க முன்னால நடந்தா, கொழாயப் பேச மாட்டீங்க. தரையத்தான் பேசுவீங்க."

வெளியே சிரிப்பு எழுந்தது. என் எழுதுகோல் ஓடவில்லை. மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றினால் வாயில் அவையின் பின்புறமாகிவிடுமே என்றேன்.

"அப்ப நாங்க கடைசி வரிசைங்களா?" என்று முன்வரிசையில் ஒருவர் வெகுண்டார்.

"நாற்காலியத் திருப்பத்தானுங்க சொல்றாங்க. ஊட்டையா மாத்தச் சொல்றாங்க?" என்றார் அருகிலிருந்தவர்.

தலைவர் தயங்கினார், பிறகு தாமே மேசையின் ஒரு முனையைப் பற்றினார். நாற்காலிகள் தரையில் உராய்ந்து திரும்பின. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நுழைந்து பின்சுவரோரம் நின்றனர்.

"பஸ்ஸுக்கு நிக்கறவங்க ஒரு வாய் குடிப்பாங்க. நாங்க சோறாக்கோணும், தொவைக்கோணும், புள்ளைங்களுக்கு ஊத்தோணுமுங்க. ஓடையிலருந்து சொமக்கறது நொம்பக் கஷ்டமுங்க," என்றாள் முன்பு சன்னல் கம்பியைப் பற்றி நின்றவள்.

வாதம் நீண்டது. இறுதியில், இடத்தை நேரில் பார்த்தபின் முடிவு செய்யலாம் என்று தலைவர் தீர்மானத்தை நிறுத்திவைத்தார். மற்றப் பெண்கள் பின்சுவரோரம் தரையில் அமர்ந்தனர், அவள் அமரவில்லை.

"எப்பங்க வருவீங்க?"

"ஒரு நாளைக்கு வர்றம்மா."

"எந்த நாளுங்க? நாங்க வேலைக்குப் போயிருவமுங்க."



"ஞாயித்துக்கெழம," என்றார் தலைவர்.

அவள் என்னை நோக்கினாள். அக்கிழமையை எழுதி, கையொப்பத்திற்காகத் தாளைத் தலைவர்பால் நகர்த்தினேன். அவரோ இப்போது பின்வரிசையாகிவிட்ட பழைய முன்வரிசையில் மறுத்து ஆடிக்கொண்டிருந்த தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.