பெருங்காய டப்பாவில் சத்து மாத்திரை

அம்மாவின் சமையலறையில் ஒரு காலிப் பெருங்காய டப்பா இருந்தது. எத்தனை முறை கழுவினாலும் வாசனை போகாத பிளாஸ்டிக் டப்பா. அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம், அம்மா அவனுடைய மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதில் போட்டாள். காலி அட்டைகளைச் செய்தித்தாளில் சுருட்டி, தெருக்கோடிக் குப்பையில் போட்டுவிட்டு வரும்படி என்னிடம் கொடுத்தாள். "வாரவ கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லணும், என்னட்டி?" என்றாள். எட்டாம் வகுப்பில் படித்த நான் தலையாட்டினேன்.

அப்பா ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. மராத்தி பேசும் ஊரான தேஹு ரோட்டின் குவார்ட்டர்ஸில் எங்களைச் சுற்றி எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். அண்ணன் வேலைக்குப் போவதை நிறுத்தி, குளிக்காமல், யாரோ பேசுவது கேட்கிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். சொந்தக்காரர்கள் வேறு மருந்து சொன்னார்கள். "ஒரு கால்கட்டப் போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார் திருநெல்வேலியிலிருந்து வந்த பெரியப்பா. பக்கத்து வீட்டு மராத்தி மாமிகூட, கல்யாணம்தான் 'ராம்பாண்' என்றாள். குறி தப்பாத மருந்து என்று அர்த்தம். குடிக்கிறவனுக்கும் அதுதான் மருந்து, ஊர் சுற்றுகிறவனுக்கும் அதுதான், பித்துப் பிடித்தவனுக்கும் அதுதான். எந்த வியாதிக்கும் இவ்வளவு சுலபமாக இன்னொரு வீட்டுப் பெண்ணை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினி அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தாள். தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. பால்காரனிடம் பேசவும், காய்கறி வாங்கவும் நான்தான் கூடப் போகவேண்டும். என் தலையில் எண்ணெய் தேய்த்து இறுகப் பின்னிவிட்டு, "இந்த ஊர்ல எனக்கு நீதாம்ட்டி வாய்" என்பாள். தினமும் சாப்பாட்டுக்குப் பின் டப்பாவைத் திறந்து, அம்மா சொன்னபடி சத்து மாத்திரை என்று நம்பி அண்ணனுக்குக் கொடுப்பாள். நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அந்த மார்கழிக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சோர்வாக இருக்கிறது என்று தானாகவே அந்தச் சத்து மாத்திரைகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது, தண்ணீர் டிரம் பக்கத்தில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, பேச நாக்கு எழாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். ஊசி போட்ட பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. மாத்திரை குறைந்திருப்பதைப் பார்த்து அம்மா கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்த டாக்டர், "யே கிஸ்கி தவா ஹை?" என்று நேராக மதினியைத்தான் கேட்டார். யாருடைய மருந்து என்று கேட்கிறார் என்பதை அவளுக்குத் தமிழில் சொல்ல நான்தான் இருந்தேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். டாக்டர் இது மனநோய்க்கான மருந்து, இதனால்தான் கழுத்து இழுத்திருக்கிறது என்றார். அதையும் சொன்னேன்.

மதினி அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை. அடுத்த மாதத்திலிருந்து அண்ணனை டாக்டரிடம் அவளே கூட்டிப் போனாள். அதற்காகவே இந்தி கற்றுக்கொண்டாள். என் தலையை அதன்பின் பின்னிவிடவில்லை. அண்ணன் மெல்லத் தேறி, வேலைக்கும் போனான். பெரியப்பா சாகும்வரை, "பாத்தியளா, கால்கட்டுப் போட்டதும் தெளிஞ்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது மறுத்துப் பேசினேனா என்றால், இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதினியின் மகளைப் பெண் பார்க்கப் பிம்ப்ரியிலிருந்து வந்தார்கள். உதவிக்கு ஹடப்சரிலிருக்கும் என் வீட்டிலிருந்து நான் காலையிலேயே போய்விட்டேன். அண்ணனின் மாத்திரை அட்டைகள் எப்போதும்போல் சாப்பாட்டு மேஜைமேல் டம்ளரில் நின்றன. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் அட்டைகளைச் சுருட்டி, அலமாரியில் கைக்கு அகப்பட்ட காலி டப்பாவில் திணித்து மூடிவிட்டேன். அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வந்தவர்கள் உட்கார்ந்ததும் காபி கொண்டுவந்த மதினி வெறும் டம்ளரைப் பார்த்தாள், பிறகு இன்னும் என் கையிலேயே இருந்த டப்பாவைப் பார்த்தாள். அதை வாங்கித் திறந்து, அட்டைகளை வந்தவர்கள் முன்னால் மேஜைமேல் வைத்தாள். "இது இவுகளுக்கு. மனசுக்கு முடியாதவுக, தெனமும் சாப்பிடணும். தெரிஞ்சுக்கிட்டுப் பொண்ணப் பாருங்க" என்றாள். அண்ணன் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான்.

பையனின் அம்மா ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லல" என்றாள் மதினி. சொல்லிவிட்டு, காலி டப்பாவை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். மூடியைத் திறந்து பார்த்தேன். பெருங்காய வாசனை அடித்தது.