மங்கலம் எடுத்துப் போகாத சுற்றறிக்கை

நம் கல்லூரி ஆண்டு மலரில் தாளாளர் பக்கம் என்று ஒன்று உண்டு. பதினாறு வருடமாக அதைத் தமிழ்த்துறையில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள், நான் கையெழுத்துப் போடுவேன். இந்த வருடம் நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்துங்கள், விஷயத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

எழுதப் போவது மங்கலத்தைப் பற்றி. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குத் தேர்வுத் தேதியைச் சொல்லாமல் விட்டவர் என்று அவருடைய கோப்பில் ஒரு தாள் இருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்களும் அப்படித்தான் நம்புகின்றன. அந்தத் தாளை எழுதச் சொன்னவன் நான். அதில் இருப்பது பொய்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கடலூர் முதுநகரில் லாரி கிளீனராக ஏறியவன். முப்பத்தெட்டு வயதில் சிப்காட்டுக்கு ஓடிய லாரிகளில் பதினொன்று என்னுடையவை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ரோட்டோரமாக ஒரு முந்திரித் தோப்பை வாங்கி இந்தக் கல்லூரியைக் கட்டினேன். நான் உள்ளே வந்தால் டிகிரி மேல் டிகிரி வாங்கிய நாற்பது பேர் எழுந்து நிற்கிறார்கள். யாருடைய சிபாரிசிலும் வந்த மரியாதை இல்லை இது.

அந்தக் கட்டடம் எழும்பியபோது சித்தாளாகக் கலவை சுமந்து வந்தவர் மங்கலம். ஆலப்பாக்கம் பக்கம். எட்டாவது வரை படித்தவர், அதாவது என்னைவிட மூன்று வகுப்பு கூடுதல். கல்லூரி திறந்ததும் அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக வைத்துக்கொண்டேன். சுற்றறிக்கை நோட்டு அவர் கைக்கு வந்தது.

நீளமான அட்டை போட்ட நோட்டு அது. முதல்வர் அதில் எழுதுவதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய், ஆசிரியர் படித்துக் காட்டியதும் கையெழுத்து வாங்கி வர வேண்டும். எல்லாக் கல்லூரியிலும் அவ்வளவுதான் வேலை. மங்கலம் அதோடு விடமாட்டார். இன்றைக்கு யார் வரவில்லை என்று வாசலிலேயே நின்று கேட்பார். சாயங்காலம் அந்தந்த ஊருக்கு ஆள் பிடிப்பார். லால்பேட்டைப் பிள்ளைகளுக்கு வேன் டிரைவர். சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் கண்டக்டர். தேவனாம்பட்டினத்துக்கு, நம் வாசலில் கூடையை இறக்கி மீன் விற்கும் அம்மா. விளையாட்டு விழாவா, ரத்ததான முகாமா, வராத பிள்ளைக்கும் அன்றைக்கே சேதி போய்விடும். பதினாறு வருடத்தில், சேதி வரவில்லை என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. அது அந்தம்மாவின் வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஆய்வுக்கு வந்த குழு, மாணவர்களோடு தகவல் தொடர்பு நவீனமாக இல்லை, நிகழ்ச்சிகளில் அவர்கள் பங்கேற்பைக் கூட்ட வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் கல்லூரிக்கென்று ஓர் ஆப் போட்டேன். இனி நோட்டு கிடையாது, எல்லாம் போனில்தான் என்றேன். முதல்வர் கனிமொழி மேடம் மாணவர்களுடைய எண்களைச் சேர்க்கலாம் என்றார். பெண் பிள்ளைகள் நம்பர் ஒரு பட்டியலில் கிடப்பதா, என்னை நம்பி அனுப்பிய அப்பன்மாருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று மறுத்து, எல்லோருக்கும் அப்பா நம்பரையே போடச் சொன்னேன். அதோடு, வாய்ச்செய்தி யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் வேலை இருக்காது என்றும் உத்தரவு. மங்கலத்தை வாசல் கேட்டில் உட்கார வைத்தேன்.

மார்ச் கடைசியில் வேதியியல் செய்முறைத் தேர்வு வெள்ளிக்கிழமை நடக்க இருந்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு வேறு வேலை வந்ததால் செவ்வாய்க்கே மாற்றினார்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் படிப்பு விடுமுறையில் இருந்தார்கள். சனிக்கிழமை மதியம் ஆப்பில் செய்தி போனது. நான் காரில் ஏறும்போது மங்கலம் கிட்டே வந்தார்.

"ஐயா, தேவனாம்பட்டினத்து இசைவாணிக்கு யாரு சொல்றது? அவுங்க அப்பா சின்னையன் போட்டுக்குப் போயிருக்காரு. வூட்ல இருக்கறது ஒரே போனு, அதையும் அவருதான் எடுத்துக்கினு போவாரு. நடுக்கடல்ல டவர் ஏது?"

"எல்லாருக்கும் போயிடுச்சி. முந்நூத்தி நாப்பது பேருக்கும் டிக் வுழுந்திருக்குதாம். ஒனக்கு ஏன் இந்த வேலை?"

"டிக்கு வுழுந்தா காதுல வுழுந்த மாதிரியா ஐயா? ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, மீன்காரம்மாகிட்ட குடுத்தனுப்பறேன்."

"மீன் கூடையில சர்க்குலர் அனுப்பற காலேஜின்னு ஊரே சிரிக்கும். போயி கேட்டப் பாரு."

போய்விட்டார். என் உத்தரவை மீறினால் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை இசைவாணி வரவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளைக் கோட்டும் ரெக்கார்டு நோட்டுமாக வந்து, பூட்டிக் கிடந்த ஆய்வகத்தின் முன்னால் நின்றாள். போன் இல்லாததால் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் அவள் இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று தோழிகள் இருந்துவிட்டார்கள். செய்முறைத் தேர்வு போனால் டிகிரி அடுத்த வருடம்தான். அவள் அழவில்லை. பிசகாமல் படித்தேனே மேடம் என்று மட்டும் கனிமொழி மேடத்திடம் சொன்னாளாம்.

தவறு கல்லூரியுடையது என்று ஒப்புக்கொண்டு எழுதினால் பல்கலைக்கழகத்தில் மறுதேதி கேட்கலாம் என்றார் மேடம். அப்பா நம்பர் மட்டும் போதும் என்ற உத்தரவுதான் காரணம் என்று எழுதி எடுத்துவந்தார். தாளாளர் என்ற சொல் அதில் இருந்தது. என் கல்லூரியில், என் பெயருக்கு நேரே தவறு என்று ஒரு வார்த்தையா? ஆட்டோகிராப் போல நான் கையெழுத்துப் போட்டுப் பழகிய பேனா அன்றைக்கு ஓடவில்லை. ஊழியர் கவனக்குறைவு என்று மாற்றச் சொன்னேன். எந்த ஊழியர் என்று மேடம் கேட்டார். என்னை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். மங்கலம் என்றேன்.

மங்கலத்தைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தோம். எட்டாவது படித்தவர் அல்லவா, எழுத்துக் கூட்டாமல் கடைசி வரை படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா பொண்ணு பரீட்ச எழுதிடுமா?"

எழுதிவிடும் என்றேன். போட்டார். பிறகு கேட்டார்: "சனிக்கெழம நான் வந்து சொன்னது ஐயாவுக்கு ஞாபகம் இருக்குதில்ல?"

மேசையில் எதையோ தேடுவது போல இருந்தேன். அந்தத் தாளை நானே சிதம்பரம் பல்கலைக்கழகத்துக்குக் காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுதேதி கிடைத்தது. இசைவாணி எழுதினாள், தேறினாள். மேடத்தின் முதல் கடிதத்தைக் கொடுத்திருந்தாலும் இதேதான் கிடைத்திருக்கும். அது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

சின்னையன் கரைக்கு வந்ததும், தாளில் இருந்த பெயரைக் கேள்விப்பட்டு நேராக கேட்டுக்கு வந்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரம். "எம்பொண்ணு ஒரு வருசம் வூட்ல ஒக்காந்திருந்தா நீ வந்து சோறு போடுவியா?" என்பது எனக்கு மாடி வரைக்கும் கேட்டது. மங்கலம் குனிந்துகொண்டே நின்றார், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. இறங்கிப் போக எனக்குப் பதினெட்டுப் படிதான். ஜன்னலைச் சாத்தினேன்.

நாலாம் நாள் மங்கலம் வேலைக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். சாப்பிட்டேன், தூங்கினேன், ஒரு கல்யாணத்தில் மேடையேறி என் கதையை வழக்கம்போலச் சொன்னேன். கிளீனராக இருந்தபோது முதலாளி செய்த தவறுக்கு அடி வாங்கினேன் என்று சொல்லும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

ஜூனில் அவரைத் தேடிப் போனேன். சிப்காட்டில் ஒரு கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு வெளியே வந்தார். தாளை ரத்து செய்கிறேன், பழைய வேலைக்கே வந்துவிடு என்றேன்.

"தாளக் கிழிச்சா ஆச்சா ஐயா? மீன்காரம்மா என்னப் பாத்தா தலையத் திருப்பிக்கினு போவுது. பதினாறு வருசமா என் சேதிய நம்பி வாங்கிக்கினு போன பொம்பள அது. தேவனாம்பட்டினத்துல போயி சொல்லுங்க. எங்கிட்ட எதுக்கு, எனக்குத்தான் தெரியுமே."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கேன்டீனில் கூட்ட நேரம்.

நான் போவதற்குப் பதினொரு நாள் ஆனது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்த சமயம். சின்னையன் நாலைந்து பேரோடு உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன், எல்லோர் காதிலும் விழும்படி. ஊசி நிற்கவில்லை. நான் முடித்த பிறகு கேட்டார்.

"அத்தினி பேரு எதுர்ல அந்தம்மாவத் திட்டுனனே, நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"மாடியில. கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"நீங்களும் நம்மள மாதிரி கைய ஊனி எழுந்த ஆளுன்னு நெனச்சேன் மொதலாளி."

நான் கார் வரைக்கும் மணலில் நடந்து வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னையன் இசைவாணியைக் கூட்டிக்கொண்டு ஆலப்பாக்கத்துக்கு பஸ் ஏறிப் போனாராம். மீன்காரம்மாவும் போனாராம். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்ல வேண்டியதும் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு இரண்டாவது கடிதம் போய்விட்டது, என் பெயரோடு. பிள்ளைகளின் எண்கள் இப்போது ஆப்பில் இருக்கின்றன. போன் இல்லாதவர்கள் இருபத்தாறு பேர். ஊருக்கு ஒரு பிள்ளை அவர்களுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று கனிமொழி மேடம் ஏற்பாடு செய்திருக்கிறார். மங்கலம் இன்னும் வரவில்லை. வருவார் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மங்கலம் சொல்லத்தான் வந்தார். நான்தான் சொல்லவிடவில்லை.