மரை போன இரண்டு துளைகள்

என் மச்சினனின் வேனில் இரண்டு போல்ட் துளைகளின் மரையை அழித்தது நான்தான். அந்தப் பழியை அவனுடைய சிநேகிதர் மேல் போட்டதும் நான்தான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

போல்ட் இறுகிக்கொண்டே வரும்போது ஸ்பானர் வழியாகக் கைக்கு ஓர் எதிர்ப்பு தெரியும். அன்று அது சட்டென்று இல்லாமல் போனது. ஈர மண்ணில் குச்சியைத் திருகுவது மாதிரி போல்ட் தன்பாட்டுக்குச் சுழன்றது. துளைக்குள் போல்ட்டைப் பிடிக்கும் மரை போய்விட்டது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். நான் பொறியியல் படித்தவன். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் என்ஜின்களோடு பிழைத்தவன்.

மச்சினன் என் மனைவியின் தம்பி. நான் வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து நசரத்பேட்டையில் பெண் எடுத்தவன். கல்யாணத்தன்று நான் நாலு வார்த்தை பேசியதும், "மாமா, உங்க தமிழு ரேடியோ நியூஸ் மாதிரியே கீது" என்று மண்டபமே சிரிக்கும்படி சொன்னவன் அவன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய வேன் ஒன்று வைத்திருந்தான். என்ஜின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டவர் பூந்தமல்லியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். இருவரும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆயுத பூஜைக்குக்கூட மச்சினன் வேனைத் தன் வாசலில் நிறுத்த மாட்டான், பட்டறைக்குக் கொண்டுபோவான். பொட்டு வைப்பது மெக்கானிக்தான். "அவன் கை பட்டாதான் மாமா இது ஸ்டார்ட்டே ஆவும்" என்பான். குடும்பத்தில் ஒரு என்ஜினீயர் இருக்கும்போது அவன் இப்படிச் சொல்வது எனக்கு உறுத்தும்.

மெக்கானிக் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி வேலை செய்து மாட்டிக்கொடுத்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். புகை வெளியேறும் மேனிஃபோல்ட் குழாயை ஹெட்டோடு போல்ட் போட்டு இணைத்த இடத்தில் மெல்லிய சீறல் கேட்டது. "கொஞ்சம் ஓடட்டும்னான் மாமா. சூடு ஆறினப்புறம் அவனே டைட் பண்றேன்னு சொல்லிகிறான்" என்றுவிட்டு அக்கா பரிமாறச் சாப்பிட உட்கார்ந்தான். நான் வெளியே வந்து சீட்டைத் தூக்கினேன். அவன் கேட்காமலே அந்தச் சீறலை நிறுத்திக் காட்ட வேண்டும் என்று இருந்தது. தொழிற்சாலையில் எங்கள் போல்ட்டுகள் கனமானவை. ஸ்பானரில் குழாயை மாட்டி முழு உடம்பையும் கொடுத்து இறுக்கிப் பழகிய கை. அந்த வேனின் ஹெட்டோ மிருதுவான அலுமினியம், அதுவும் சூட்டோடு இருந்தது. முதல் போல்ட் வழுக்கியது. அதை ஈடுகட்டப் பக்கத்துப் போல்ட்டை இறுக்கினேன். அதுவும் வழுக்கியது. வீட்டில் குழாய் ஒழுகலை அடைக்க வைத்திருந்த பசையைத் துளைகளில் திணித்து, போல்ட்டுகளை அதில் நட்டுவைத்தேன். கை கழுவிக்கொண்டு உள்ளே போய், "பார்த்தேன், எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

அந்தச் சூட்டுக்குப் பசை எத்தனை நாள் தாங்கும்? ஒரு காலையில், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே இணைப்பு விட்டுப்போய் வேனுக்குள் புகை நிறைந்தது. ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. மச்சினன் என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனான்.

மெக்கானிக் போல்ட்டை விரலாலேயே உருவி, துளையிலிருந்து கருகிய பசையைச் சுரண்டி எடுத்தார். "யாரோ உள்ள பசை வச்சிகிறாங்க. நா இந்த வேல பண்ணுவனா? சார், நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க" என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான், "ஹெட்டைக் கழட்டி மாட்டும்போதே மரை போயிருக்கலாம். சொல்ல முடியாது" என்றேன்.

"கொயந்தைங்க போற வண்டிடா" என்றான் மச்சினன். "தப்பாயிடுச்சுன்னு சொல்லிருந்தா இன்னா கொறஞ்சிடப் போற? பசைய வச்சி மூடிகிறியே."

"டேய், நா வைக்கலடா."

"அப்போ எங்க மாமா பொய் சொல்றாரா?"

மெக்கானிக் என்னை இன்னொரு முறை பார்த்தார். கந்தல் துணியில் கையைத் துடைத்தார். "சாவிய எடுத்துகினு போ" என்றார்.

அதற்குப்பின் அந்தப் பட்டறைப் பக்கம் மச்சினன் போகவில்லை. எங்கெங்கோ காட்டினான், பருமனான போல்ட்டைத் திணித்தார்கள், மறுபடி கழன்றது. வண்டியில் எது கெட்டாலும் என்னைக் கேட்க ஆரம்பித்தான். நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்தது. பூந்தமல்லியில் பஸ் மாறும் போதெல்லாம் பட்டறை இருக்கும் பக்கம் பார்க்காமல் நடப்பேன்.

வருடங்கள் ஓடி, நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பிவிட்டன. பிள்ளைகளுக்குப் பதில் சமையல்காரர்களின் அண்டாக்களை ஏற்றிய அந்த வேன், போன மாதம் அதே சீறலோடு நின்றது. பழைய இரும்பாக எடைக்குப் போடப்போகிறேன் என்றான் மச்சினன். நான் சரிசெய்கிறேன் என்று போனேன். மரை போன துளையைப் பெரிதாகத் துளைத்து, ‘டேப்’ என்னும் கருவியால் புது மரை வெட்டி, அதில் எஃகுக் கம்பிச் சுருளைத் திருகி இறக்க வேண்டும். பழைய அளவு போல்ட் அந்தச் சுருளுக்குள் கச்சிதமாக உட்காரும். மச்சினன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"சின்ன வேலதான மாமா. அன்னிக்கே அவன் இத செஞ்சிருந்தா, இந்நேரம் இங்க நின்னு நம்மள கலாய்ச்சிகினு இருந்திருப்பான்."

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அவன் கெடுக்கலப்பா. நான்தான் கெடுத்தேன். பசையும் நான் வச்சதுதான்" என்றேன்.

டார்ச் வெளிச்சம் துளையைவிட்டு நகரவில்லை. "எப்போ?"

"நீ உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ."

"போல்ட்ட மாட்டுங்க" என்றான். குட்டை ஸ்பானரால் இறுக்கி, மணிக்கட்டின் பலத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவன் வேனைக் கிளப்பினான். சீறல் இல்லை. என்னை ட்ரில்லோடு வாசலில் விட்டுவிட்டுப் பூந்தமல்லி பக்கம் போனான்.

மறுநாள் நானும் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக்கின் தலை நரைத்திருந்தது. நான் சொன்னதையெல்லாம் ஒரு சக்கரத்தைத் துடைத்தபடியே கேட்டார். "உங்க மேல எனக்கு இன்னா சார் கோவம்? நீங்க பொண்ணு எடுக்க வந்தவரு. அவன் என்கூட மண்ணுல பொரண்டவன். அவன் நம்பிட்டான் பாருங்க, அதான்" என்றார். மன்னிப்பை அவர் எனக்கு மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து நான் சரிசெய்யக்கூடியது எதுவும் அங்கே இல்லை.

இப்போது மச்சினன் தினமும் சாயங்காலம் பட்டறையில் போய் உட்கார்கிறானாம். மெக்கானிக் போகச் சொல்வதும் இல்லை, பேசுவதும் இல்லை. என்னோடு மச்சினன் பேசுவதில்லை. அக்காவுக்கு மட்டும் போன் செய்கிறான். நேற்று அவள் பேசி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். போனை என்னிடம் நீட்டாமல் அணைத்தாள்.

"இன்னா சொன்னான்?" என்றேன். அவள் ஊர்ப் பேச்சு எனக்கும் எப்போதோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

"இன்னிக்கு இவன் போய் குந்தினதும், அவன் ரெண்டு டீ சொன்னானாம்" என்றாள்.